முகத்தில் அடித்த காற்று

தென்காசியில் வண்டிக்கு வயரிங் வேலை என்றால் நல்லகண்ணு அண்ணாச்சிதான். இதை ஊர் சொன்னதைக் காட்டிலும் அவர் சொன்னதுதான் அதிகம். குற்றாலம் ரோட்டில் தகரம் வேய்ந்த ஒரு ஷெட். அதற்குள் இருபத்தைந்து வருஷமாக லாரி, கார், டிராக்டர் என்று எது வந்தாலும் வயரைத் தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். அதில் பொய்யில்லை, கை அப்படிப்பட்ட கை. வாய்தான் கையைவிட ஒரு முழம் நீளம்.

எண்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம். சாரல் விழத் தொடங்கிய சமயத்தில் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த பால்வண்ணநாதன் தன் பழைய அம்பாசடரை அவரிடம் அனுப்பினார். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. லாட்ஜில் தங்குகிறவர்களை ஆரியங்காவுக்கும் பாலருவிக்கும் கூட்டிப் போய் வருவது அதன் வேலை. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு புளியரை தாண்டி மலை ஏறினால், வயசான வண்டியல்லவா, பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து ஒரு குடம் தண்ணீர் கேட்கும். டிரைவர் சிவனணைந்தபெருமாள் அதற்கென்றே டிக்கியில் இரண்டு டின் தண்ணீர் வைத்திருப்பான். பன்னிரண்டு வருஷமாக அந்த ஸ்டியரிங்தான் அவனுக்குச் சோறு போட்டது. பெருமாள் அதிகம் பேசமாட்டான், வண்டியைத் துடைக்கும்போது மட்டும் அதனோடு ஏதோ முணுமுணுப்பான்.

நல்லகண்ணு அந்த வருஷம்தான் மாருதி காரின் பானெட்டைத் திறந்து பார்த்திருந்தார். அதில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவதில்லை. அது கரண்டில் ஓடுகிற தனி மோட்டார். தண்ணீர் சூடானால் ஒரு சுவிட்ச் தானாக விழுந்து ஃபேனை ஓட்டும், ஆறினால் நிறுத்தும். பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. மதுரையில் அடிபட்டுக் கிடந்த ஒரு மாருதியிலிருந்து அந்த ஃபேனை வாங்கி வரச் செய்து, பால்வண்ணநாதனிடம் போய் நின்றார்.

"மொதலாளி, உங்க கிழட்டு வண்டிக்கு இதை மாட்டி விடுதேன். பொறவு மலையில கொதிச்சா என் மீசையைச் செரைச்சிருங்க."

இரண்டு நாள் வேலை. பழைய ஃபேன் பிளேடைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். ரேடியேட்டருக்குப் பின்னால் புது ஃபேனைப் பொருத்தி, அடியில் சூட்டு சுவிட்சை இறக்கி, சுவிட்ச் விழுந்ததும் கரண்டைத் திறந்துவிட ஒரு ரிலேயை வைத்து, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டார். மோட்டாரிலிருந்து இரண்டு வயர் வந்தது, ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு. கருப்பை வண்டியின் இரும்பு பாடியில் எர்த் கொடுத்தார். சிவப்பை ரிலேக்குக் கொடுத்தார். யோசிக்கவே இல்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. டாக்ஸி ஸ்டாண்டே ஷெட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். தண்ணீர் சூடானது, ரிலே 'டிக்' என்றது, ஃபேன் உறுமிக்கொண்டு எழுந்தது. பானெட்டுக்கு முன்னால் தட்டில் ஏற்றி வைத்த சூடம் பொக்கென்று அணைந்தது. நின்றவர்கள் முகத்தில் வெதுவெதுவென்று காற்று அடித்தது. சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பரம சுகமாக இருந்தது.

"பாத்தீங்களாவே! மலைக்காத்தை இல்ல உள்ள அடைச்சு வச்சிருக்கேன்!" என்றார் நல்லகண்ணு.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெருமாள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். "அண்ணாச்சி, காத்து வெளியல்லா வருது? உள்ள இழுக்கண்டாமா?"

"ஏலே, காத்து வருதான்னு மட்டும் பாரு. வெளிய வருதா உள்ள போகுதான்னு விசாரணை வைக்க நீ என்ன தாசில்தாரா? நீ ஸ்டியரிங்கைப் பிடி, வயரை நான் பாத்துக்கிடுதேன். அந்த ரெண்டு டின்னையும் இன்னையோட இறக்கி வச்சிரு. மண்ணெண்ணெய் வாங்கப் போவும்போது உதவும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெருமாளும் சிரித்தான். டின்களை அங்கேயே இறக்கி வைத்தான்.

ஒன்பது நாள் வண்டி குற்றாலத்துக்குள்ளும் தென்காசிக்கும் செங்கோட்டைக்குமாக ஓடியது. சமதரை, குளிர்ந்த காற்று, சாரல். ஒரு குறையுமில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெருமாள் ஆரியங்காவுக்குப் புறப்பட்டான். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது, ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு.

மலையில் மூன்றாவது வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி பீறிட்டிருக்கிறது. சூட்டைக் காட்டும் மீட்டர் முள் அந்த வண்டியில் செத்துப் பல வருஷம். வண்டியில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று அலறி மழைக்குள் இறங்கி ஓடியிருக்கிறார்கள். அதில் ஒரு கிழவர் சறுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். பதற்றத்தில் பெருமாள் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, கொதிநீர் அவன் வலது கையில் முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. சூட்டில் எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் வெந்துபோய்விட்டது.

லாரி வண்டியைக் கொண்டுவந்து விட்டது நல்லகண்ணுவின் ஷெட்டு வாசலில்தான். பால்வண்ணநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். விருதுநகர்க்காரர்கள் லாட்ஜில் வைத்து அவரைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டிருந்தார்கள். முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது. ஸ்டாண்டுக்காரர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். பெருமாள் கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு திண்டாடி நின்றான்.

"ஃபேன் ஓடிச்சாலே?" என்று கேட்டார் பால்வண்ணநாதன்.

"ஓடிச்சு மொதலாளி. சத்தம் நல்லாக் கேட்டது."

"காலையில தண்ணி பாத்தியா?"

"பாத்தேன் மொதலாளி. கொஞ்சம் கொறஞ்சிருந்தது, ஊத்துனேன்."

பால்வண்ணநாதன் நல்லகண்ணுவைப் பார்த்தார். ஸ்டாண்டே அவரைப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மீசையைப் பந்தயம் வைத்த மனிதர். அவர் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கவில்லை, ஒரு வயரைத் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், பார்க்க அரை நிமிஷம் ஆகும். ஆனால் அத்தனை கண்ணும் தன்மேல் இருக்கும்போது தன் வேலையைத் தானே சந்தேகப்படுவதா? வாய் முந்திக்கொண்டது.

"ஃபேன் ஓடியிருக்கு, ரிலே விழுந்திருக்கு. பொறவு என்ன மொதலாளி? தண்ணியில்லாத ரேடியேட்டருக்குப் புயலே அடிச்சாலும் என்ன செய்யும்? இவன் ஊத்த மறந்திருப்பான்."

பெருமாள் வாயைத் திறந்தான். "இல்ல அண்ணாச்சி, ஊத்துனேன்..." என்றான். பிறகு நல்லகண்ணுவின் முகத்தைப் பார்த்தான். "ஊத்துன மாதிரிதான் இருக்கு" என்றான்.

அந்த 'மாதிரி' அவனைத் தின்றுவிட்டது. பால்வண்ணநாதன் கையை நீட்டினார். பெருமாள் இடது கையால் சட்டைப் பையைத் துழாவி, சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பன்னிரண்டு வருஷம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

மெக்கானிக் புது கேஸ்கட் போட்டு முடிக்க எட்டு நாள் ஆயிற்று. ஃபேன் வயர்களை மறுபடி இணைக்க வண்டி நல்லகண்ணுவிடம் வந்தது. மத்தியான நேரம், ஷெட்டில் அவர் ஒருத்தர்தான். பழையபடியே கருப்பை எர்த்தில் கொடுத்தார், சிவப்பை ரிலேயில் கொடுத்தார், எஞ்சினை ஓடவிட்டார். கை துடைத்த பழைய தினத்தாளைக் கசக்காமல் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பி ஜாலியின்மேல் சாத்திவிட்டு பீடியைத் தேடினார். ரிலே 'டிக்' என்றது. தினத்தாள் எழும்பி வந்து அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

அதை முகத்திலிருந்து எடுத்து, காற்று வந்த பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். மெல்லப் போய் பேட்டரியைப் பார்த்தார்.

அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த். பிற்பாடு வந்த வண்டிகளில் மைனஸ்; மாருதி ஃபேனின் கருப்பு வயர் அந்த மைனஸுக்காக வைத்தது. விளக்குக்கும் ஹாரனுக்கும் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும், அலறும். மோட்டார் அப்படியில்லை. வயரை மாற்றிக் கொடுத்தால் திரும்பிச் சுற்றும். முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்கவேண்டிய ஃபேன், உள்ளே கிடந்த சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது அது ஏதோ சமாளிக்கும். மலையில் ஓடும்போது எதிரே வருகிற காற்றும் ஃபேன் தள்ளுகிற காற்றும் ரேடியேட்டருக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். கொதிக்காமல் என்ன செய்யும்?

இது நல்லகண்ணுவுக்குத் தெரியாத சங்கதியா? எத்தனை பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்தது! 'பழைய வண்டியா, முதல்ல பேட்டரியைப் பாரு' என்று. எழுத்தறிவில்லாத பெருமாள் காற்றைப் பார்த்தே கேட்டானே, உள்ளே இழுக்க வேண்டாமா என்று. அவனைத் தாசில்தார் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாரே. மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெட்கம் காதுமடலைச் சுட்டது.

உட்கார்ந்தவர் நேரே எழுந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறியிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. ஸ்பேனரை எடுத்து இரண்டு வயரையும் இடம் மாற்றினார், இரண்டு நிமிஷ வேலை. தினத்தாளை மறுபடி ஜாலியில் வைத்தார். அது பல்லிபோல் ஒட்டிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அதற்கப்புறம் வண்டி ஓடிய ஓட்டம் இருக்கிறதே! புது டிரைவர் ஒரே நாளில் இரண்டு தடவை ஆரியங்காவுக்குப் போய் வந்தான். ஒரு சொட்டு ஆவி இல்லை. "டிரைவரை மாத்துனேன், வண்டி மாறிட்டு" என்று பால்வண்ணநாதன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மற்ற டாக்ஸிக்காரர்கள் நல்லகண்ணுவிடம் வந்து, எங்கள் வண்டிக்கும் அந்த ஃபேனை மாட்டிக் கொடுங்கள் என்று நின்றார்கள். அவர் தலைவலி என்றார், சாமான் கிடைக்கவில்லை என்றார். ஒவ்வொருத்தரும் "அண்ணாச்சி கையிலயா தப்பு வரும், பெருமாளு பயதான் கவுத்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெருமாளுக்கு ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்து எஞ்சினைப் பொசுக்கினவன் என்று பெயராகிவிட்டது. மெயின் அருவிக்குப் போகிற வழியில், குளிக்கப் போகிறவர்களின் செருப்பையும் துணிமூட்டையையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ வந்து சொன்னார்கள். நல்லகண்ணு அந்தப் பக்கம் போவதையே விட்டார். சீசன் முழுக்க அருவியில் ஒரு நாள்கூடக் குளிக்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்து, "இப்பம் சொல்லப் போறீகளா, இல்ல இந்தச் சோத்தை நாய்க்கு வைக்கட்டா?" என்றாள். அவர் சொன்னார். முடிந்ததும் இலையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"வயரை மாத்திக் கொடுத்தது கை. சரி, யானைக்கும் அடி சறுக்கும். அவன் மேல பழி போட்டது வாயில்லா? கை செஞ்சதை ரெண்டு நிமிசத்துல சரிபண்ணிட்டீக. வாய் செஞ்சதை எப்பம் சரிபண்ணப் போறீக?"

மறுநாள் காலை நல்லகண்ணு குற்றாலத்துக்குப் போனார். லாட்ஜ் வாசலில் பால்வண்ணநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து டாக்ஸிக்காரர்களும் நின்றார்கள். அம்பாசடரும் அங்கேதான் நின்றது. தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம், பழி போட்டது நாலு பேர் நடுவில்தானே என்று அங்கேயே சொன்னார்.

"மொதலாளி, அன்னைக்கு வண்டி கொதிச்சது பெருமாளால இல்ல. தப்பு என்னுது. ஃபேன் வயரை மாத்திக் கொடுத்துட்டேன். அது திருப்பிச் சுத்திட்டு இருந்திருக்கு."

பால்வண்ணநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அவன் வந்து உம்ம வாசல்ல அழுதானாக்கும்?"

"இல்ல மொதலாளி, அவனை நான் பாக்கவே இல்ல."

"ஓய் நல்லகண்ணு, ஃபேன் எப்படி ஓடுதுன்னு நான் தினமும் பாக்கேன். மலையேறி வந்து தொட்டுப் பாத்தா எஞ்சின் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. உம்ம வேலையில தப்புன்னு நீரே சொன்னாலும் நான் நம்பணுமே?" பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "பாத்தீகளாவே, மனுசன்னா இப்படி இருக்கணும். ஒருத்தன் பிழைப்புக்காகப் பழியைத் தன் தலையில தூக்கிப் போடுதாரு."

டாக்ஸிக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவன் நல்லகண்ணுவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கேட்டீர்களா கூத்தை! செருப்பால் அடிவாங்க வந்த இடத்தில் மாலை விழுகிறது. அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

நல்லகண்ணு போய் அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினார். ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்து, ஃபேனின் இரண்டு வயரையும் பழையபடி மாற்றினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பாக ஒரு வயரைப் பூட்டினார். பால்வண்ணநாதனின் மேஜையில் கிடந்த தினத்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஜாலியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "எஞ்சினைப் போடுலே" என்றார் புது டிரைவரிடம். தண்ணீர் சூடாகும்வரை எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஃபேன் ஓடியதும் அவர் கையை எடுத்தார். தாள் பறந்து ரோட்டில் விழுந்தது. எஞ்சினை நிறுத்தி, வயரை மாற்றி, மறுபடி வைத்துக் காட்டினார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அன்னைக்கு எல்லார் முகத்துலயும் காத்து அடிச்சுதுல்லா?" என்றார். "அடிச்சிருக்கக் கூடாது."

சுற்றி நின்ற டாக்ஸிக்காரர்கள் அத்தனை பேரும் எஞ்சின் அறிந்தவர்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் இரண்டு அடி தள்ளி நின்றான்.

"எப்ப வேய் கண்டுபிடிச்சீரு?" என்று கேட்டார் பால்வண்ணநாதன். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"கேஸ்கட் மாத்தி வந்த அன்னைக்கே."

"ஒண்ணரை மாசமாச்சு."

"ஆமா."

பால்வண்ணநாதன் பானெட்டை இறக்கிச் சாத்தினார். "அவன்கிட்ட நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவேன்? நீரே போய்க் கூட்டிட்டு வாரும். வண்டி அவனுதுதான்னு சொல்லும்" என்றார்.

அருவிக்குப் போகிற வழியில் கூட்டம் குறைந்திருந்தது. பெருமாள் ஒரு சாக்கை விரித்து, செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வலது கையில் தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. நல்லகண்ணுவைக் கண்டதும் சட்டென்று எழுந்தான். "வாங்க அண்ணாச்சி. குளிக்கவா? செருப்பை இங்கன விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அவன் குனிந்து செருப்பை வாங்க வருவதற்குள் நல்லகண்ணு சொல்லிவிட்டார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எர்த், வயர், திரும்பிச் சுற்றிய ஃபேன், ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாற்றியது, வாயை மூடிக்கொண்டு இருந்தது, எல்லாம். "என்னை ரெண்டு அடி அடிச்சிருலே பெருமாளு" என்று முடித்தார். அடித்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார்.

பெருமாள் கோபப்படவில்லை. அவன் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா," என்று கேட்டான், "அன்னைக்குக் காலையில நான் தண்ணி ஊத்தியிருந்தேனா அண்ணாச்சி?"

நல்லகண்ணுவுக்குப் புரியவில்லை. "நீதானலே சொன்னே, ஊத்துனேன்னு?"

"சொன்னேன். நீங்க ஊத்தலைன்னு சொன்னீகளா, எனக்கே ஒண்ணும் நிச்சயமாத் தெரியாமப் போச்சு. அண்ணாச்சி சொன்னா சரியாத்தானே இருக்கும்? எம் பொஞ்சாதி முருகம்மா, ஊத்துனேன்னு புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, ஊருக்கே நான் சொல்லுதேன்னா. கையைத் தூக்கிட்டேன் அண்ணாச்சி, ஆனா வைக்க முடியல. ஊத்தாம இருந்திருந்தா புள்ளைக்கு ஆகாதே? அன்னையிலேருந்து அவ எங்கிட்ட அதைப் பத்திப் பேசுததில்ல."

"ஊத்தியிருந்தேலே" என்றார் நல்லகண்ணு. "நீ ஊத்தியிருந்தே."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

பெருமாள் தலையை ஆட்டினான். வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, முதலாளி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சாக்கில் இருந்த செருப்புகளைப் பக்கத்தில் இருந்தவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினான்.

"வீடு வரைக்கும் ஒரு எட்டு வாங்க அண்ணாச்சி" என்றான். "நான் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா."